மதிப்பில் மாற்றமில்லை

வெள்ளிக்கிழமைதோறும் காலையில், முத்திருளாண்டி பனியனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போன் பேசும்.

“வணக்கம். உங்கள் காப்புக் கணக்கின் மதிப்பில் எந்த மாற்றமும் இல்லை. இந்த வார இருப்பு, ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.”

போன வாரம் இதே குரல், இதே கனிவோடு, ஏழு லட்சத்து நாற்பதாயிரம் என்று சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் இன்னும் கூடுதல். பட்டப்பகலில் இருபதாயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கிறது, மாற்றமில்லையாம்.

“மாற்றமில்லைன்னா ஏன்டி குறையுது?” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

“யாரை டி போடுறீங்க?” என்று அடுப்படியிலிருந்து மனைவி தேன்மொழி கேட்டாள்.

போனுக்கு ரோஷமெல்லாம் கிடையாது. “விலைவாசி குறைந்திருக்கிறது. அதற்கேற்ப உங்கள் இருப்பும் குறைந்திருக்கிறது. போன வாரம் வாங்க முடிந்ததை எல்லாம் இந்த வாரமும் வாங்கலாம். இனிய நாளாகட்டும்” என்று சொல்லிவிட்டு அடங்கியது.

மனிதர் உடற்பயிற்சி ஆசிரியர். விசிலை ஒரு ஊது ஊதினால் நாலு வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் வரிசையில் நிற்பார்கள். ஒரு வங்கிக் கணக்கு மட்டும் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அதுவும் அவருடைய பணமாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பார். அது மாடியில் குடியிருக்கும் அபுதாகிர் கொடுத்த ஒத்திப் பணம். மதுரைக்காரர்களுக்கு ஒத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வது: மாத வாடகை கிடையாது. குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார். காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் அந்தத் தொகையை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பித் தர வேண்டும். இந்தக் கையில் பணம், அந்தக் கையில் சாவி. பணம் வராமல் சாவி போகாது. முத்திருளாண்டி வாங்கியது பன்னிரண்டு லட்சம்.

ஒத்திப் பணத்தை வாங்கி மகள் கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு, கார் வாங்கியவர்கள் உண்டு. முத்திருளாண்டி தொடவே இல்லை. அடுத்தவன் காசு நெருப்பு என்று நினைக்கிற ஆள். அப்போது ஊரில் விலைவாசி கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. சேமித்த பணம் வங்கியில் இருந்தபடியே செத்துக்கொண்டிருக்கிறது என்று சனங்கள் புலம்பியதால், அரசாங்கம் காப்புக் கணக்கு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விலை ஏறினால் கணக்கில் உள்ள தொகையும் கூடவே ஏறும். எட்டு வருடத் திட்டம். பன்னிரண்டு லட்சத்தையும் அப்படியே கொண்டுபோய் அதில் போட்டார்.

பணம் பத்தொன்பது லட்சம் வரை வளர்ந்தது. ஆசிரியர்கள் அறையில் அதைப் பேசிப் பேசி டீயை ஆறவிட்டிருக்கிறார். ஆனால் மாடியில் இருப்பவரிடம் மூச்சு விடவில்லை. வளர்ந்த ஏழு லட்சத்தில் பாய் பங்கு கேட்டுவிட்டால்? நெருப்பு என்றாலும் குளிர்காலத்தில் கொஞ்சம் கையைக் காட்டத்தான் தோன்றும்.

அப்புறம்தான் வார்ப்பகங்கள் வந்தன.

வார்டுக்கு ஒன்று என்று வைத்தார்கள். கூரை முழுக்க வெயிலைக் குடிக்கும் பலகைகள். உள்ளே காற்றையும் மண்ணையும் கழிவையும் அணு அணுவாகப் பிரித்துக் கோத்து, வேண்டியதை வார்த்துத் தரும் எந்திரம். முதலில் சர்க்கரையும் சட்டைத் துணியும் வந்தன. பிறகு சிமெண்டு, சைக்கிள், மாத்திரை. எந்திரமே இன்னொரு எந்திரத்தை வார்க்க ஆரம்பித்ததும் விலைகள் படி இறங்கின. இறங்கியவை நிற்கவே இல்லை.

ஊரே கொண்டாடியது. ஒரு பொங்கல் வரைதான். அதற்குப் பிறகு யாரும் எதையும் வாங்கவில்லை. நாளைக்கு இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்றால் இன்றைக்கு வாங்குகிறவன் கிறுக்கன்தானே? தீபாவளித் துணியை மாசியில் எடுத்தார்கள். பந்தல் செலவு இன்னும் இறங்கட்டும் என்று நிச்சயம் செய்த கல்யாணங்களைத் தள்ளிப் போட்டார்கள். சம்பளங்களும் இறங்கின. ஆயிரம் ரூபாய் மொய் வாங்கியவன் ஆயிரம் திருப்பிச் செய்ய ஒரு வாரச் சம்பளத்தைக் கொட்ட வேண்டியிருந்தது. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவில் நாய்கூட ஒதுங்கிப் போயிற்று. பொறுத்தார் பூமியாள்வார் என்பதை யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். பழமொழிக்கு அப்படி ஒரு யோகம்.

*

சாயங்காலங்களில் மாடிப்படிக்குக் கீழே கேரம் நடக்கும். தேன்மொழியும் முத்திருளாண்டியும் ஒரு கட்சி, அபுதாகிரும் அவர் மனைவி சுலைகாவும் எதிர்க்கட்சி. சுலைகாவின் கை ஒரு தினுசு. எந்தக் கோணத்தில் கிடந்தாலும் சிவப்புக் காயைக் குழியில் போட்டு, அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயையும் போட்டுவிட்டு, “வாத்தியார்ண்ணே, விசில் ஊதுங்க, ஆட்டம் முடிஞ்சுபோச்சு” என்று சிரிப்பாள்.

அந்தக் கார்த்திகையில் அவள் தொடர்ந்து தோற்றாள். கறுப்புக் காயை அடிக்க வேண்டிய இடத்தில் வெறும் பலகையை அடித்தாள். ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டுத் தலையைக் கோழி மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“என்ன தங்கச்சி, விட்டுக்குடுக்குறீங்களா?” என்றார் முத்திருளாண்டி.

“உங்களுக்கு விட்டுக்குடுக்கவா? நல்லாக் கேட்டீங்க. நடுவுல ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருக்குண்ணே. ஓரமாப் பாத்தாத்தான் காய் தெரியுது.”

ஒரு வாரம் கழித்து அபுதாகிர் தனியாக இறங்கி வந்தார். சேமியா கம்பெனி வைத்திருந்தவர். வார்ப்பகம் வந்தபின் அவருடைய சேமியாவை யாரும் சீண்டவில்லை. எந்திரங்களை விற்று வேலையாட்களுக்குக் கணக்கு முடித்துவிட்டு, ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, தப்பா நெனக்காதீங்க. ஒத்திப் பணம் வேணும். சுலைகாவுக்கு விழித்திரை செத்துக்கிட்டே வருதாம். புதுசா வளத்து ஒட்டுறாகளாம்ல, அதச் செய்யச் சொல்றாக. கவருமெண்டு ஆஸ்பத்திரியில பேரு குடுத்தா ரெண்டு வருசம் ஆகும்ங்குறாக. வெளியதான் பாக்கணும்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“பழைய திரையில கொஞ்சமாச்சும் உசிரு இருந்தாத்தான் புதுசு ஒட்டுமாம். ரொம்பத் தள்ளாதீகன்னு சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அங்கன கவுண்டர்ல இருந்த பொண்ணு, மாசாமாசம் ரேட்டு இறங்குதுங்க, அவசரப்படாதீகன்னுச்சு” என்றார்.

எவ்வளவு ஆகும் என்று முத்திருளாண்டி கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்த கேள்விதான். கேட்டால், உங்களிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பதில் கேள்வி வருமே என்று பயமாக இருந்தது. “பாத்துக்கலாம் பாய். உங்க பணம் எங்கயும் போகல” என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே, அது உண்மையா பொய்யா என்று அவருக்கே தெரியவில்லை.

*

வங்கியில் தன்ஷிகா என்ற இளம் அதிகாரி இருந்தாள். மூன்று வருடங்களாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன முகம்.

“சார், நீங்க பணம் போட்டப்ப பன்னெண்டு லட்சத்துக்கு என்னென்ன வாங்க முடிஞ்சுச்சோ, அதே சாமானை இன்னிக்கு ஏழு லட்சத்துக்கு வாங்கலாம். அரிசின்னு வச்சுக்குங்க. அப்பவும் அத்தனை மூட்டை, இப்பவும் அத்தனை மூட்டை.”

“சரி. நடுவுல பத்தொம்பது இருந்துச்சேம்மா?”

“அப்பவும் அத்தனை மூட்டைதான் சார்.”

முத்திருளாண்டி மேசையைப் பார்த்தார். ஏறும்போது நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லை, இறங்கும்போது நான் ஒன்றும் இழக்கவில்லை என்கிறாள். அப்படியானால் இத்தனை வருடம் எதற்குச் சந்தோஷப்பட்டேன், இப்போது எதற்குத் தூக்கம் கெடுகிறேன்?

“ரூபாய எண்ணாதீங்க சார், மூட்டைய எண்ணுங்க.”

“ஒத்திப் பத்திரத்துல மூட்டைன்னா எழுதியிருக்கு? பன்னெண்டு லட்சம் ரூபாய்னுல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

தன்ஷிகா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவரை நன்றாகப் பார்த்தாள். “ஓ, ஒத்தியா? அப்ப கஷ்டம்தான். நியாயப்படி ஏழு குடுத்தா நீங்க வாங்குனதத் திருப்பிக் குடுத்தாச்சு. சட்டப்படி பன்னெண்டு குடுக்கணும்.”

“நியாயமும் சட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா மனுசன் எந்தப் பக்கம்மா போறது?”

கணக்கைத் திரையில் நகர்த்திப் பார்த்தவள் சட்டென்று, “சார், உங்களுக்கு வழி இருக்கு. இது பழைய திட்டம். முதிர்வு நாள் வரைக்கும் வச்சிருந்தீங்கன்னா, விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் போட்ட தொகைக்குக் குறைச்சுத் தரக் கூடாதுன்னு ஒரு விதி. விலை இறங்கும்னே யாரும் நெனைக்காத காலத்துல எழுதினது. உங்களுக்குச் சித்திரையில முதிருது. அன்னிக்கு முழுசா பன்னெண்டு வரும்” என்றாள்.

முத்திருளாண்டிக்கு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு விசில் ஊதலாம்போல் இருந்தது.

“இப்பவே முடிச்சா?”

“ஏழுதான். அந்த உத்தரவாதம் போயிரும். அவசரம்னா எடுத்துக்குங்க. அவசரம் இல்லன்னா பொறுங்க.” அவள் விரலைத் திரைமேல் வைத்தபடி கேட்டாள். “அவசரமா சார்?”

அவருக்குச் சுலைகா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு என்ற எண்ணும் ஞாபகம் வந்தது. அது பெரிதாக வந்தது.

“அப்படி ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

*

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். எப்படிப் போட்டாலும் லாபமாக வந்தது. சித்திரையில் பாய்க்குப் பன்னிரண்டு கிடைக்கும். அதற்குள் சாமான் விலை இன்னும் இறங்கிவிடும், ஆக அது இன்றைய இருபதுக்குச் சமம். கண் வைத்தியமும் இறங்கிவிடும். தன் வாக்கும் கெடாது. ஒருவருக்கும் நட்டமில்லை. இத்தனை சுலபமாக ஒரு சிக்கல் அவிழ்வது கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருந்தது.

தேன்மொழியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. நீங்க கையில இருக்குறத எடுத்துக் குடுங்க. மிச்சத்த அப்பறம் பாப்போம்” என்றாள்.

“பன்னெண்டு வாங்கிட்டு ஏழ நீட்டச் சொல்றியா? நாளைக்குத் தெருவுல நடக்க முடியுமா? வாத்தியாரு அஞ்சு லட்சத்த முழுங்கிட்டாருன்னு சொல்ல மாட்டானுக?”

“நீங்க முழுங்கலையே.”

“அத யாருக்குப் புரிய வைக்கிறது? எனக்கே புரியல.”

“ஏழு போதுமான்னு அவுககிட்டயாவது ஒரு வார்த்த கேளுங்க.”

“கேட்டா கையில ஏழுதான் இருக்குன்னு ஆகிப்போகும்ல!”

தேன்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். மாடிக்குப் போய்த் தானே சொல்லிவிடுவேன் என்றாள். அப்படிச் சொன்னால் இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு தொட மாட்டேன் என்று மனிதர் நின்றார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த நிமிடத்தை நினைத்துப் பின்னால் அவள் தன்னைத்தானே எவ்வளவோ திட்டிக்கொண்டாள்.

அபுதாகிரிடம் சித்திரைவரை பொறுக்கச் சொன்னபோது அவர் சண்டைக்கு வருவார் என்று முத்திருளாண்டி எதிர்பார்த்தார். அவரோ, “சரி வாத்தியாரே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று உடனே தலையாட்டிவிட்டார். அந்தச் சுலபம் முத்திருளாண்டிக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏனோ சுருக்கென்றும் இருந்தது.

“வெலயும் இறங்குதுல்ல பாய்.”

“ஆமா, இறங்குது. எல்லாரும் அதத்தான் சொல்றாக.”

*

மார்கழியில் சுலைகா கேரம் ஆட வருவதை நிறுத்தினாள். தையில் ஒருநாள் தேன்மொழி கொடுத்த பொங்கலை வாங்கக் கையை நீட்டியவள் கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, “அக்கா, பொங்கலும் இறங்கிருச்சா?” என்று கேட்டாள். தேன்மொழி சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

முத்திருளாண்டி பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமாகக் கிளம்பிப்போய்த் தாமதமாக வந்தார். மாடிப்படியில் சுலைகா சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் புகுந்துகொண்டார். உள்ளே நின்றபடி மறுபடி கணக்குப் போடுவார். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. அதுதான் அவரைக் குழப்பியது. எல்லாம் சரியாக இருந்தால் நான் எதற்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறேன்?

வெள்ளிக்கிழமைகளில் போன் சொன்னது. ஆறு லட்சம். ஐந்தரை. ஐந்து. மதிப்பில் மாற்றமில்லை. அவர் இப்போது அதைத் திட்டுவதில்லை. இறங்கட்டும், இறங்கட்டும், சித்திரையில் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒருநாள் சட்டென்று மனசு கேட்காமல் வங்கி வாசல்வரை போனார். கிடைப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்றுதான் போனார். அன்றைக்கு இருப்பு நாலே முக்கால். ஏழாக இருந்தபோதே கொடுக்கக் கூசிய கை, நாலே முக்காலை எப்படிக் கொடுக்கும்? தள்ளத் தள்ளக் கொடுப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போவதை அங்கே நின்றுதான் கண்டுகொண்டார். வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். டீ நாலு ரூபாய். போன வாரத்தைவிட மலிவு.

*

சித்திரை பிறந்தது. சொன்ன நாளில் சொன்னபடி பன்னிரண்டு லட்சம் வந்தது. விலைப்படி பார்த்தால் நாலு லட்சம்தான் வந்திருக்க வேண்டும். மீதி எட்டையும் அந்தப் பழைய விதி கொடுத்தது. முத்திருளாண்டி குளித்து, நல்ல வேட்டி கட்டி, தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். அபுதாகிரின் முன்னால் உட்கார்ந்து போனில் பணத்தை அனுப்பினார். ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தச் சமயத்தில் அவர் முகத்தைப் பார்த்திருந்தால், மாநில அளவில் கோப்பை வாங்கின பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நினைத்திருப்பீர்கள்.

“சாவிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல பாய். முதல்ல கண்ணப் பாருங்க. கண்ணு தெரிஞ்சப்பறம் தங்கச்சியே வந்து சாவியக் குடுக்கட்டும்.”

அபுதாகிர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

ஆஸ்பத்திரியில் கட்டணம் மூன்று லட்சமாக இறங்கியிருந்தது. மூன்று நாள் சோதனை செய்தார்கள். பிறகு டாக்டர் அவர்களை உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார். ஒட்டுவதற்குப் பழைய திரையில் உயிருள்ள இடம் ஒன்றும் மிச்சமில்லை. தை மாதத்தில் வந்திருந்தால்கூட முயன்று பார்த்திருக்கலாம். இப்போது மூன்று லட்சம் வேண்டாம், இலவசமாகச் செய்யச் சொன்னாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

செய்தி கேட்டுத் தேன்மொழி முதலில் மாடிக்கு ஓடினாள். முத்திருளாண்டிக்குப் படி ஏறக் கால் வரவில்லை. அவள் வந்து, “வாங்க. இனி எங்க போய் ஒளிவீங்க?” என்று கூப்பிட்ட பிறகுதான் போனார்.

சுலைகா சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடியை வைத்தே கண்டுகொண்டு, “வாங்கண்ணே” என்றாள். அபுதாகிர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். முத்திருளாண்டி அதன் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

“பாய், கார்த்திகையில எம்புட்டு ஆகும்னு சொன்னாக?”

“ஆறரை.”

முத்திருளாண்டி நிமிர்ந்தார். “பன்னெண்டு கேட்டீங்களே பாய்?”

“ஒத்தின்னா முழுசாத்தானே கேக்கணும் வாத்தியாரே? பாதி கேக்குற வழக்கம் எங்க இருக்கு?” அபுதாகிர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அதுவும் போக, சித்திர வரைக்கும் பொறுங்கன்னு நீங்க சொன்னப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. பணத்த வேற எதுக்கோ எடுத்திருப்பீக போல, பெரட்ட டைம் கேக்குறீகன்னு. எம்புட்டு இருக்குன்னு கேட்டா உங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்ல. நீங்க தல குனியுறத நான் பாக்கணுமா? அதான் ஒண்ணும் கேக்கல.”

இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருவர் மரியாதையை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, இரண்டு ஆண்பிள்ளைகளும் ஐந்து மாதம் ஒரே கூரைக்கு மேலும் கீழும் இருந்திருக்கிறார்கள். தேன்மொழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணே” என்றாள் சுலைகா. “நெசமாவே செலவாகியிருந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லலாம். சொன்னால் இவர்கள் நம்பிவிடுவார்கள். நம்பி, மன்னித்தும் விடுவார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நினைத்து மன்னித்து வைத்திருக்கிறார்கள். பணத்தைச் செலவழித்தவன் என்ற பெயரை வாங்கக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தார்? இப்போது அந்தப் பெயர்தான் இருப்பதிலேயே மலிவாகக் கிடைத்தது. முத்திருளாண்டி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“இல்லம்மா. பேங்குலதான் இருந்துச்சு.”

“எம்புட்டு?”

“ஏழு.”

அபுதாகிர் எழுந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. முத்திருளாண்டி விதி, உத்தரவாதம், பத்திரம், ஊர், சொல் என்று என்னென்னவோ சொன்னார். நியாயப்படி ஏழும் பன்னிரண்டும் ஒன்று என்றார். சட்டப்படி ஒன்றில்லை என்றார். பாதியில் அவருக்கே நூல் விட்டுப்போய் நிறுத்தினார்.

சுலைகாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளை திருப்பிக் கேட்பதுபோல், குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

“ஏழு குடுத்திருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்?”

அவருக்குத் தெரியாது. அவர் ஒரு தடவைகூட அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.